கூடங்குளம் அணுமின் நிலைய இணையவழி ஊடுருவல், 2019

கூடங்குளம் அணுமின் நிலைய இணையவழி ஊடுருவல் என்பது, தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டம், இராதாபுரம் வட்டத்தில் அமைந்துள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பயன்பாட்டுக் கணினி ஒன்றில் டிட்ராக் எனப்படும் தீநிரல் இருந்தமை 2019ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட நிகழ்வைக் குறிக்கும். அணுவுலைகளை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. எனினும், முக்கியமான நிறுவனம் ஒன்று தன் அலுவலகக் கணினிகளையும், ஒப்பந்ததாரர்களையும், தனக்குப் பொருளும் மென்பொருளும் தரும் வழங்குநர்களையும் எவ்வாறு பாதுகாக்க வேண்டும் என்ற வினாவை இந்நிகழ்வு இந்தியாவில் பரவலாக எழுப்பியது. இக்கட்டுரை அந்நிகழ்வையும், அதனோடு ஒப்பிடத்தக்க பிற நிகழ்வுகளையும், அவற்றிலிருந்து பெறத்தக்க படிப்பினைகளையும் விளக்குகிறது.

பின்னணி

கூடங்குளம் அணுமின் நிலையம் 1988 நவம்பர் 20 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் ஒன்றியத் தலைவர் மிக்கைல் கொர்பச்சோவும் செய்துகொண்ட உடன்பாட்டின் அடிப்படையில் உருவானது. தலா 1000 மெகாவாட் திறன் கொண்ட முதல் இரண்டு அலகுகள் உருசிய வடிவமைப்பைச் சேர்ந்தவை. முதல் அலகு 2013 அக்டோபரில் மின்தொகுப்புடன் இணைக்கப்பட்டு 2014 டிசம்பர் 31 அன்று வணிக உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டாம் அலகின் வணிக உற்பத்தி 2017 மார்ச் 31 அன்று தொடங்கியது. நிலையத்தை இந்திய அணுமின் கழகம் நடத்துகிறது. இக்கழகம் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் வருகிறது.

இந்நிலையம் தொடக்கம் முதலே பொது விவாதத்துக்கு உள்ளானது. 2011ஆம் ஆண்டு சப்பானின் ஃபுக்குசிமா விபத்துக்குப் பின்னர், இடிந்தகரையை மையமாகக் கொண்டு மீனவர்களும் சுற்றுவட்டார மக்களும் நீண்ட போராட்டம் நடத்தினர். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க இசைவு அளித்ததோடு, பாதுகாப்புத் தொடர்பான பல நெறிமுறைகளையும் விதித்தது. நிலையம் பற்றிய செய்திகள் மறைக்கப்படுகின்றனவா என்பது இப்பகுதியில் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி. 2019ஆம் ஆண்டு நிகழ்வையும் இச்சூழலில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

நிகழ்வுகளின் வரிசை

2019 செப்டம்பர் 4 - நிலையத்துடன் தொடர்புடைய கணினியில் தீநிரல் இருப்பதை, சேர்ட்-இன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு இந்திய அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. அதே நாளில் தேசிய இணையப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளருக்குத் தாம் தகவல் அளித்ததாகக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் புக்ராஜ் சிங் பின்னர் கூறினார். மூன்றாம் தரப்பு ஒன்று கண்டறிந்ததையே தாம் அரசுக்குத் தெரிவித்ததாகவும் அவர் குறிப்பிட்டார்.

2019 அக்டோபர் 28 - ஆய்வாளர்கள் ஐயத்துக்குரிய கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றப்பட்டிருந்த டிட்ராக் மாதிரி ஒன்று டுவிட்டரில் கவனம் பெற்றது. கூடங்குளம் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரும், உள் வலையமைப்பின் நிர்வாகக் கணக்கு விவரங்களும் அந்நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன.

2019 அக்டோபர் 29 - நிலையத்தின் செய்திக் குறிப்பு ஒன்று, அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை என்றும், அவை இணையத்துடனோ வெளி வலையமைப்புகளுடனோ இணைக்கப்படாதவை என்றும், ஆகவே அவற்றின் மீது இணையத் தாக்குதல் நடத்த இயலாது என்றும் கூறியது. சமூக ஊடகங்களில் பரவும் செய்திகள் தவறானவை என்றும் அது தெரிவித்தது.

2019 அக்டோபர் 30 - இந்திய அணுமின் கழகம் வெளியிட்ட மற்றோர் அறிக்கை, தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என்று ஏற்றுக்கொண்டது. இணையத்துடன் இணைந்த நிர்வாக வலையமைப்பைப் பயன்படுத்திய ஒருவரின் கணினியே பாதிக்கப்பட்டது என்றும், அவ்வலையமைப்பு முக்கிய உள் வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும், அணுசக்தித் துறை வல்லுநர்கள் உடனடியாக ஆய்வு செய்தனர் என்றும் அது விளக்கியது.

2019 நவம்பர் - நாடாளுமன்றத்தில் எழுந்த வினாக்களுக்கு அரசு விடையளித்தது. இணைய இணைப்புகளைக் கடுமையாக்குதல், பென் டிரைவ் போன்ற கழற்றத்தக்க நினைவகங்களைக் கட்டுப்படுத்துதல், தீங்கான இணைய முகவரிகளைத் தடுத்தல் ஆகிய நடவடிக்கைகள் எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்டது.

இதற்கு முன்னர், அக்டோபர் 19 அன்று நிலையத்தின் இரண்டாம் அலகு தானாக நின்றிருந்தது. இவ்விரண்டையும் இணைத்து ஊகங்கள் பரவின. ஆயினும், அலகு நின்றதற்குத் தீநிரல் காரணம் என்பதற்குச் சான்று எதுவும் வெளிவரவில்லை. நீராவி உற்பத்திக் கலனில் நீர்மட்டம் குறைந்ததே காரணம் என்று அறிவிக்கப்பட்டது.

டிட்ராக் தீநிரல்

டிட்ராக் என்பது ஒற்றறியும் வகையைச் சேர்ந்த தீநிரல். காசுபர்சுக்கி நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. 2018ஆம் ஆண்டில் இந்திய வங்கிகளின் தானியங்கிப் பணப் பொறிகளில் அட்டை விவரங்களைத் திருடுவதற்காக வைக்கப்பட்டிருந்த ஏடிஎம்டிட்ராக் என்ற நிரலை ஆராய்ந்தபோது, அதே குடும்பத்தைச் சேர்ந்த 180க்கும் மேற்பட்ட மாதிரிகள் கிடைத்ததாக அந்நிறுவனம் கூறியது. 2013ஆம் ஆண்டில் தென் கொரிய வங்கிகளையும் தொலைக்காட்சி நிறுவனங்களையும் முடக்கிய தாக்குதலின் நிரல்களோடு இதற்கு ஒற்றுமை இருந்ததால், வட கொரியாவுடன் தொடர்புபடுத்தப்படும் லாசரசு குழுவின் படைப்பு இது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இந்நிரல் ஒரு கணினியில் அமர்ந்த பின் பின்வருவனவற்றைச் செய்ய வல்லது:

* விசைப்பலகையில் தட்டப்படும் எழுத்துகளைப் பதிவு செய்தல்
* உலாவியின் வரலாற்றைச் சேகரித்தல்
* கணினியின் இணைய முகவரி, அருகிலுள்ள வலையமைப்புகள், நடப்பிலுள்ள இணைப்புகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல்
* இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களையும், வட்டுகளிலுள்ள கோப்புகளின் பெயர்களையும் பட்டியலிடல்

இயந்திரங்களை உடைக்கும் வேலை இப்பட்டியலில் இல்லை. உளவு பார்த்து வழித்தடத்தை வரைந்துகொள்வதே இதன் பணி. ஆனால் கூடங்குளம் மாதிரியில் உள் வலையமைப்பின் கணக்கு விவரங்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தமை கவனிக்கத்தக்கது. அந்த மாதிரி உருவாக்கப்படுவதற்கு முன்பே தாக்கியோர் நிலையத்தின் வலையமைப்பைப் பற்றி ஓரளவு அறிந்திருந்தனர் என்பதை இது காட்டுகிறது. தற்செயலாக வந்தேறிய நச்சுநிரலில் இத்தகைய விவரங்கள் இருப்பதில்லை.

பாதிப்பின் அளவு குறித்துக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஒரு பயனரின் கணினி மட்டுமே பாதிக்கப்பட்டது என்பது கழகத்தின் நிலைப்பாடு. ஒரு வலையமைப்பின் எல்லாப் பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் நிர்வகிக்கும் மையக் கணினியின் அளவுக்குத் தாக்கியோர் அணுக்கம் பெற்றிருந்தனர் என்பது புக்ராஜ் சிங்கின் கூற்று. அத்தகைய மையக் கணினி ஒருவர் கைக்குச் சென்றால், அவர் அவ்வலையமைப்பில் எந்த ஊழியராகவும் நடிக்க முடியும். முழுமையான விசாரணை அறிக்கை பொதுவில் வெளியிடப்படாததால் இவ்வேறுபாடு தீரவில்லை.

பிரிக்கப்பட்ட வலையமைப்பு என்ற அரண்

முக்கிய இயந்திரங்களை இயக்கும் கணினிகளை வெளியுலகத் தொடர்பின்றி வைப்பது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை. கூடங்குளத்தில் இம்முறை பயன் தந்தது. தீநிரல் அலுவலகப் பக்கத்தில் நின்றது. உலைகள் தொடர்ந்து இயங்கின. ஆனால், இணையத்தோடு கம்பித் தொடர்பு இல்லை என்பதால் மட்டும் தாக்குதல் இயலாது என்று முடிவு செய்ய முடியாது. அணுசக்தித் துறையின் வரலாற்றிலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு.

* டேவிசு-பெசே, ஐக்கிய அமெரிக்கா (2003): ஒகையோ மாநிலத்திலுள்ள இவ்வணுமின் நிலையத்துக்குள் 2003 சனவரியில் சிலாம்மர் என்ற கணினிப் புழு நுழைந்தது. நிலையத்தின் முன்வாயிலில் தீயரண் இருந்தது. புழுவோ ஓர் ஒப்பந்ததாரரின் வலையமைப்பிலிருந்து, தீயரணைச் சுற்றிச் சென்ற வேறோர் இணைப்பு வழியாக வந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை ஏறக்குறைய 5 மணி நேரம் செயலிழந்தது. அப்போது உலை நிறுத்தப்பட்டிருந்ததால் ஆபத்து நேரவில்லை. அப்புழுவைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது.

* இசுடக்சுநெட்டு, ஈரான் (2010): நத்தான்சு யுரேனியச் செறிவூட்டல் ஆலையின் சுழலிகளைப் பழுதாக்கிய இந்நிரல், இணையத்தோடு இணைக்கப்படாத கணினிகளைப் பென் டிரைவ் வழியாக எட்டியது. முதலில் தொற்றுக்கு உள்ளானவை ஈரானின் தொழிலகக் கட்டுப்பாட்டுத் துறையில் பணியாற்றிய ஐந்து நிறுவனங்கள் என்று 2014ஆம் ஆண்டில் காசுபர்சுக்கி கூறியது. ஆலைக்குள் செல்லும் வாய்ப்புள்ள ஒப்பந்ததாரர்களே வாயிலாக்கப்பட்டனர்.

* குண்ட்ரெம்மிங்கன், செருமனி (2016): எரிபொருள் தண்டுகளை நகர்த்தும் கருவியோடு தொடர்புடைய கணினியிலும், அலுவலகக் கணினிகளில் பயன்பட்ட 18 கழற்றத்தக்க நினைவகங்களிலும் தீநிரல்கள் காணப்பட்டன. அக்கணினி இணையத்தில் இல்லாததால் நிரல்கள் செயல்படவில்லை. எனினும் அவை உள்ளே வந்திருந்தன.

இம்மூன்றிலும் வலையமைப்பு வரைபடத்தில் பிரிவு இருந்தது. அப்பிரிவை மனிதர்களின் பழக்கங்களும், பராமரிப்பு வேலைகளும், ஒப்பந்ததாரர்களின் வசதிக்காகப் போடப்பட்ட இணைப்புகளும் கடந்தன. ஆகவே வலையமைப்புப் பிரிவு என்பது ஒருமுறை கட்டி விட்டுவிடும் சுவர் போன்றதன்று. கண்மாய்க் கரையைப் போல ஆண்டுதோறும் பார்த்துப் பராமரிக்க வேண்டிய ஒன்று.

வழங்குநர் வழி வரும் இடர்

பெரிய நிறுவனம் ஒன்று தன் வாயிலைக் காத்துக்கொண்டால், தாக்குவோர் அதற்குப் பொருளோ மென்பொருளோ பணியோ அளிக்கும் சிறிய நிறுவனத்தைத் தேடுகின்றனர். வழங்குநருக்கு உரிய நம்பிக்கை தாக்குவோருக்கும் கிடைத்துவிடுகிறது.

கூடங்குளம் நிலையம் வழங்குநர் தரம் பற்றிய கேள்வியை 2019க்கு முன்பே எதிர்கொண்டது. 2013 ஏப்ரலில், ஆயிரக்கணக்கான வால்வுகளைச் சோதித்தபோது குறிப்பிட்ட வகையைச் சேர்ந்த நான்கு வால்வுகளின் செயற்பாட்டில் குறை இருந்ததாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அறிவித்தது. அவற்றின் உறுப்புகள் மாற்றப்பட்டு மீண்டும் சோதிக்கப்பட வேண்டியிருந்தது. வால்வுக்கும் மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு இங்கு முக்கியமானது. சோதனையில் தேறிய வால்வு அடுத்த நாளும் அதே வால்வாகவே இருக்கும். மென்பொருளோ ஒவ்வோர் இற்றைப்படுத்தலிலும் மாறுகிறது. நிறுவும் நாளில் செய்த சோதனை அடுத்த மாதத்துக்குப் போதுமானதாகாது.

தென் கொரியாவின் அணுமின் நிறுவனம் 2014 டிசம்பரில் இதையொத்த இடரைச் சந்தித்தது. உலைகளின் வரைபடங்களும் கையேடுகளும் ஊழியர் விவரங்களும் இணையத்தில் வெளியிடப்பட்டன. உலைகள் பாதிக்கப்படவில்லை. ஓய்வு பெற்ற ஊழியர்கள், கூட்டாளி நிறுவனத்தினர் ஆகியோரின் மின்னஞ்சல்கள் வழியாகத் தகவல்கள் திருடப்பட்டதாக விசாரணையாளர்கள் கூறினர். நிர்வாகத் தகவல் மட்டும் கசிந்தாலும் அது சிறிய இழப்பன்று என்பதை இது உணர்த்துகிறது. யார் எங்கே பணிபுரிகிறார், எந்த ஒப்பந்ததாரர் எந்நாளில் வருகிறார், எக்கருவி எவ்விடத்தில் உள்ளது என்பன அலுவலகக் கணினியில்தான் இருக்கின்றன. அடுத்த தாக்குதலுக்கான மூலப்பொருள் அதுவே.

மென்பொருள் இற்றைப்படுத்தலே கருவியாக்கப்பட்ட நிகழ்வுகளில் பெரிதும் அறியப்பட்டது 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்சு நிகழ்வு. அந்நிறுவனத்தின் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளின் மாசுபட்ட பதிப்பை ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் பெற்றிருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டது. தீய நோக்கம் இல்லாவிடினும் இத்தகைய சார்பு ஆபத்தானதே. 2024 சூலை 19 அன்று கிரௌட்சுடிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோசுக் கணினிகள் நின்றன. வானூர்தி நிலையங்களும் மருத்துவமனைகளும் பாதிக்கப்பட்டன.

தாமிரபரணி வடிநிலமும் அண்டைப் பகுதிகளும்

திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மின் உற்பத்தியில் பெரும் பங்கு வகிக்கும் பகுதிகள். கூடங்குளத்து மின்சாரம் திருநெல்வேலியை அடுத்த அபிசேகப்பட்டியின் துணைமின் நிலையம் போன்றவற்றின் வழியே தொகுப்புக்குச் செல்கிறது. தாமிரபரணியின் மேற்பகுதியில் பாபநாசம் நீர்மின் நிலையமும், அது கடலைச் சேரும் கரையோரத்தில் தூத்துக்குடி அனல்மின் நிலையங்களும், தெற்கே இராதாபுரம், வள்ளியூர், பணகுடி வட்டாரங்களில் காற்றாலைகளும் உள்ளன. எனவே இணையப் பாதுகாப்பு இங்கு அணுமின் நிலையம் ஒன்றன் சிக்கலாக மட்டும் இருக்க முடியாது.

தூத்துக்குடித் துறைமுகம்: 2021 பெப்ரவரி 28 அன்று ரெக்கார்டட் பியூச்சர் என்ற அமெரிக்க நிறுவனம், சீனாவுடன் தொடர்புடையதாகத் தான் கருதும் ரெட் எக்கோ என்ற குழு இந்தியாவின் மின்துறை சார்ந்த 10 அமைப்புகளையும் இரு துறைமுகங்களையும் குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. மின்துறை அமைப்புகளில் ஐந்து மண்டல மின்பகிர்வு மையங்களில் நான்கு அடங்கும். துறைமுகங்களில் ஒன்று மும்பை. மற்றொன்று தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகம். மின்தொகுப்பின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்றும், முன்பே எச்சரிக்கை பெற்று நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும் மத்திய மின்துறை அமைச்சகம் கூறியது. இதில் பேசப்பட்ட சேடோபேடு தீநிரல் முதன்முதலில் 2017ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தபோது, நெட்சாராங் என்ற மென்பொருள் நிறுவனத்தின் முறையான வெளியீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

காற்றாலைகள்: காற்றாலைகள் பெரும்பாலும் அவற்றைத் தயாரித்த அல்லது பராமரிக்கும் நிறுவனங்களால் தொலைவிலிருந்து கண்காணிக்கப்படுபவை. 2022 பெப்ரவரி 24 அன்று வயாசாட் செயற்கைக்கோள் தொடர்புச் சேவை தாக்கப்பட்டபோது, செருமானிய நிறுவனமான எனர்கானின் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு அறுந்தது. அவற்றின் மொத்தத் திறன் ஏறத்தாழ 11,000 மெகாவாட். ஆலைகள் தாமாகச் சுழன்று மின்சாரம் தந்தன. ஆனால் பழுது நேர்ந்தால் அறிய வழியில்லாமல் போயிற்று. காற்றாலையும் அதன் உரிமையாளரும் தாக்கப்படாமலேயே இந்நிலை ஏற்பட்டது.

கூட்டுறவு வங்கிகள்: 2024 சூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் மண்டல ஊரக வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளிக்கும் சி-எட்ச் டெக்னாலசிசு நிறுவனம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரலால் பாதிக்கப்பட்டது. பரவலைத் தடுக்க இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் சூலை 31 அன்று அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. நாடெங்கிலும் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் சில்லறைப் பணப் பரிமாற்றங்களைச் செய்ய இயலாமல் போனது. மறுநாள் இணைப்பு மீண்டது. சேவை நிறுவனத்தின் கூட்டாளி நிறுவனம் ஒன்றில் சரியாக அமைக்கப்படாத சர்வர் கணினியே தொடக்கப்புள்ளி என்று கிளவுட்செக் நிறுவனம் ஆராய்ந்து கூறியது. அதாவது, வழங்குநரின் வழங்குநரிடம் இருந்த குறை சிற்றூர் வங்கிக் கிளையை எட்டியது. பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் கூட்டுறவு வங்கிகளை நம்பும் தாமிரபரணிப் பாசனப் பகுதி போன்ற வட்டாரங்களுக்கு இது நேரடிப் பொருளுடையது.

சட்டமும் அமைப்புகளும்

இந்தியாவில் இணையப் பாதுகாப்புக்கான சட்ட அடித்தளம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. இதன் 70ஆ பிரிவின் கீழ் சேர்ட்-இன் இயங்குகிறது. 70அ பிரிவின் கீழ், மின்சாரம், வங்கி, போக்குவரத்து போன்ற துறைகளின் முக்கியக் கணினிக் கட்டமைப்புகளைக் காப்பதற்கான தேசிய மையம் 2014 சனவரியில் நிறுவப்பட்டது.

2022 ஏப்ரல் 28 அன்று சேர்ட்-இன் பிறப்பித்த ஆணை, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிப் பதிவேடுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. மின்துறையில், இறக்குமதி செய்யப்படும் கருவிகளில் தீநிரல் உள்ளதா எனச் சோதிக்கும் ஆணை 2020 சூலையிலும், நம்பகமான வழங்குநர்களிடம் வாங்குதல், பொறுப்பு அலுவலரை அமர்த்துதல் ஆகியவற்றை வலியுறுத்தும் மத்திய மின்சார ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 அக்டோபரிலும் வெளிவந்தன. 2024 அக்டோபரில் சேர்ட்-இன், ஒரு மென்பொருளில் அடங்கியுள்ள கூறுகளைப் பட்டியலிட்டு வாங்குபவருக்குத் தருவது பற்றிய வழிகாட்டுதலை வெளியிட்டது.

இவ்விதிகளில் ஆறு மணி நேரக் கட்டாயம் அரசு அமைப்புக்குத் தெரிவிப்பதைப் பற்றியது மட்டுமே. பொதுமக்களுக்கு எப்போது, எவ்வளவு கூற வேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை.

நிறுவன இடர் மேலாண்மைக்கான படிப்பினைகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து நிறுவனங்கள் பின்வரும் வழிமுறைகளைப் பெறலாம்.

1. வெளியிலிருந்து வலையமைப்புக்குள் வரும் எல்லாரையும் எல்லாவற்றையும் பட்டியலிடல். ஒப்பந்ததாரரின் மடிக்கணினி, தொலைப் பராமரிப்பு இணைப்பு, பென் டிரைவ் ஆகியனவும் இதில் அடங்கும். டேவிசு-பெசேயில் பட்டியலில் இடம்பெறாத இணைப்பே வழியாயிற்று.

2. வழங்குநர்களை விலையால் மட்டும் தரம் பிரிக்காமல், அவர்கள் வீழ்ந்தால் நேரும் பாதிப்பின் அளவாலும் பிரித்தல். எழுதுபொருள் தருபவரும் சர்வர் கணினியைப் பராமரிப்பவரும் ஒரே தரத்தினர் ஆகமாட்டார்.

3. ஒப்பந்தத்திலேயே நிபந்தனைகளை எழுதுதல். தாக்குதலைத் தெரிவிக்க வேண்டிய கால அளவு, தணிக்கை செய்யும் உரிமை, துணை ஒப்பந்ததாரர்களுக்கும் அதே விதி, பணி முடிந்ததும் கணக்குகளை நீக்குதல் ஆகியன இன்றியமையாதவை.

4. ஒவ்வொருவருக்கும் பணிக்குத் தேவையான அணுக்கத்தை மட்டும் வழங்கல். நிர்வாகக் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு வைத்தல்.

5. அலுவலக வலையமைப்பையும் முக்கியச் சொத்தாகவே கருதுதல்.

6. வழங்குநர் செயலிழந்தால் வேலையைத் தொடர்வது எப்படி என்பதை முன்பே ஒத்திகை பார்த்தல். தனியே வைக்கப்பட்ட காப்புப்படிகளும், கையால் எழுதும் பதிவேடுகளும் இன்றும் பயனுள்ளவை.

7. வெளியிலிருந்து வரும் எச்சரிக்கையைப் பெற்று ஆராயத் தனி முகவரியும் பொறுப்பாளரும் வைத்தல். கூடங்குளத்து நிகழ்வு நிலையத்தின் சொந்தக் கண்காணிப்பால் தெரியவந்ததாகக் கழகத்தின் அறிக்கை கூறவில்லை. எச்சரிக்கை வெளியிலிருந்தே வந்தது.

வெளிப்படைத்தன்மை குறித்த விமரிசனம்

2019 அக்டோபர் 29, 30 ஆகிய நாட்களின் அறிக்கைகளைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால், கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி அவை முரண்படவில்லை. முதலாவது, கட்டுப்பாட்டு அமைப்பைத் தாக்க இயலாது என்றது. இரண்டாவது, நிர்வாகக் கணினி தாக்கப்பட்டது என்றது. எனினும், செப்டம்பர் 4 முதலே கழகம் அறிந்திருந்த ஒன்றை முதல் அறிக்கை குறிப்பிடாமல் விட்டதோடு, பரவிய செய்திகளைத் தவறானவை என்றும் கூறியது. மறுநாளே ஏற்க நேர்ந்ததால், உலைகள் பாதுகாப்பாக உள்ளன என்ற உண்மையான கூற்றும் ஐயத்துக்கு உள்ளாயிற்று.

மறுபுறம், விசாரணை நடக்கும்போது எல்லா விவரங்களையும் வெளியிடுவது தாக்கியோருக்கே உதவக்கூடும் என்ற வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. என்ன நேர்ந்தது, எது பாதிக்கப்படவில்லை, என்ன செய்யப்படுகிறது என்ற மூன்றையும் நுட்ப விவரமின்றிக் கூற முடியும் என்பதற்கு அக்டோபர் 30 அறிக்கையே எடுத்துக்காட்டு. அது எட்டு வாரங்கள் முன்னதாக வந்திருக்கலாம்.

கூடங்குளத்தில் 3 முதல் 6 வரையிலான அலகுகளின் கட்டுமானப் பணிகள் 2017க்கும் 2021க்கும் இடையே தொடங்கப்பட்டன. அலகுகள் கூடும்போது ஒப்பந்ததாரர்களும், கருவிகளும், மென்பொருள்களும், வந்துசெல்லும் கணினிகளும் கூடுகின்றன. அணுமின் நிலையத்துக்கு அருகில் வாழ்பவர் அதன் கட்டுப்பாட்டு அறையைப் பார்க்க இயலாது. அறிக்கைகளை மட்டுமே நம்ப இயலும். ஆகையால், நேர்ந்ததை நேரத்தில் கூறுவதும் நிலையத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றாகவே கொள்ளத்தக்கது.